ஜப்பானின் கொல்லைப்புறக் கடற்கரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் போகிறவர்களில் பெரும்பாலோர் டோக்கியோ, ஃபூஜி மலை, கியோட்டோ, ஒசாகா என்று ஒரே கோட்டில் போய்த் திரும்பிவிடுகிறார்கள். கியோட்டோவிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் ரயிலில் போனால் வேறொரு ஜப்பான் இருக்கிறது. அந்தக் கரையைப் பற்றி நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

நீங்கள் சொல்வது சரியாக எந்தப் பகுதி?

ஹொன்ஷூ தீவின் மேற்குப் பாதியில், ஜப்பான் கடலைப் பார்த்தபடி இருக்கும் வடகரை. கியோட்டோ மாகாணத்தின் வடக்கு நுனியான டாங்கோ தீபகற்பத்தில் தொடங்கி, ஹியோகோ மாகாணத்தின் டாஜிமா வழியாக டோட்டோரி வரை போகிறது. கியோட்டோ என்றதும் கோயிலும் கெய்ஷாவும் நினைவுக்கு வரும் பலருக்கு, அந்த மாகாணத்துக்குக் கடற்கரை உண்டு என்பதே புதுச் செய்தி. டாங்கோவின் வட முனையிலிருந்து டோட்டோரி வரைக்கும் உள்ள பகுதி 'சானின் கடற்கரை' என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காக்களில் ஒன்று.

சானின் என்றால் 'மலையின் நிழல் பக்கம்'. தெற்கே வெயில் படும் கரைக்கு சான்யோ என்று பெயர். புல்லட் ரயில், தொழிற்சாலை, பெருநகரம் எல்லாம் அந்த வெயில் பக்கத்துக்குப் போய்விட்டன. இந்தப் பக்கத்தை ஒரு காலத்தில் 'உரா நிஹோன்', அதாவது ஜப்பானின் பின்பக்கம், என்றார்கள். இளக்காரமாகத் தொனிக்கிறது என்று அந்தச் சொல்லை இப்போது தவிர்க்கிறார்கள். எனக்கென்னவோ அது இளக்காரமாகப் படவில்லை. வீட்டுத் திண்ணை வந்து போகிறவர்களுக்கு. கிணறும் துவைகல்லும் கொல்லையில்தான் இருக்கும். இந்தக் கரையில் நீங்கள் பார்க்கப் போவதில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் வேலை செய்த, செய்துகொண்டிருக்கிற இடங்கள்தாம்.

எப்படிப் போவது?

கியோட்டோவிலிருந்து 'ஹாஷிடாதே' என்ற விரைவு ரயில் அமானோஹாஷிடாதேவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் போகும். 'கினோசாகி' என்ற ரயில் கினோசாகி வெந்நீரூற்று ஊருக்கு இரண்டரை மணி நேரம். இரண்டு ஊரையும் டாங்கோ ரயில்வே என்ற சிறிய தனியார் ரயில் டோயோஓகா வழியாக இணைக்கிறது. கினோசாகிக்கு மேற்கே மின்கம்பி கிடையாது. ஒன்றிரண்டு பெட்டி டீசல் வண்டிதான். அது கரையோரமாகச் சுரங்கம், கடல், சுரங்கம், கடல் என்று மாறி மாறி டோட்டோரி பக்கம் கொண்டுபோகும். டோட்டோரியிலிருந்து 'சூப்பர் ஹகுடோ' விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் ஒசாகா திரும்பிவிடலாம். ஆக, போன வழியே திரும்ப வேண்டியதில்லை. ஒரு வட்டம் அடித்துவிடலாம்.

ஜேஆர் என்ற ஜப்பான் ரயில்வே நிறுவனத்தின் 'கன்சாய் வைட்' பாஸ் ஐந்து நாளுக்கு உண்டு. கினோசாகியும் டாங்கோ ரயில்வேயும் அதில் அடக்கம். விலையும் எல்லையும் மாறிக்கொண்டிருப்பதால் வாங்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் வேண்டும்?

மூன்று இரவு. இரண்டு என்றால் டாங்கோவை மட்டும் அல்லது கினோசாகியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் கியோட்டோவிலிருந்து போய் எல்லாம் பார்த்துத் திரும்பும் பேருந்துச் சுற்றுலாக்கள் இருக்கின்றன. இனேயில் ஒரு மணி நேரம் இறக்கிவிட்டு ஏற்றிக்கொள்வார்கள். படம் கிடைக்கும், ஊர் கிடைக்காது.

இனேயின் படகுவீடுகளில் அப்படி என்ன இருக்கிறது?

இனே ஒரு மீனவக் கிராமம். விரிகுடாவைச் சுற்றி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்கு, தண்ணீரிலேயே கால் வைத்தாற்போல 230 வீடுகள் வரிசையாக நிற்கின்றன. இவற்றுக்கு 'ஃபுனயா' என்று பெயர். கீழ்த்தளம் படகுக்கு, மேல்தளம் வலைக்கும் தட்டுமுட்டுச் சாமானுக்கும். குடும்பம் குடியிருக்கும் பெரிய வீடு தெருவைத் தாண்டி மலைப்பக்கம் இருக்கும். ஆக, ஃபுனயா என்பது கடலுக்குக் கட்டிய மாட்டுத்தொழுவம் மாதிரி. படகைக் கொண்டுவந்து கட்டிவைக்கும் இடம்.

வீட்டைக் கடலுக்குள் கட்டினால் அலை அடித்துக்கொண்டு போகாதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஜப்பான் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. இங்கே ஏறி இறங்கும் நீர்மட்ட வித்தியாசம் அரை மீட்டர் அளவுதான். விரிகுடாவின் வாய் தெற்கே பார்த்திருப்பதால் குளிர்கால வடமேற்குக் காற்று உள்ளே வராது. போதாததற்கு வாயிலில் ஆவோஷிமா என்ற சின்னத் தீவு கதவுபோல மறித்து நிற்கிறது. பின்னால் மலை செங்குத்தாக இறங்குவதால் கட்ட வேறு நிலமும் இல்லை. இத்தனையும் ஒரே இடத்தில் அமைந்ததால் பிழைத்த ஊர் இது.

உள்ளே எப்படி இருக்கும் என்றால்: தரை கற்பாளம், கடலைப் பார்த்து மெல்லச் சரிகிறது. பாதி வரை ஈரம், பாசி. அதற்கப்புறம் தண்ணீர் தொடங்குவதே தெரியாமல் தொடங்குகிறது. கடல் பக்கம் சுவரும் கிடையாது, கதவும் கிடையாது. உத்தரத்தில் கயிற்றுச் சுருள்கள், ஒரு மூங்கில் கழி, பழைய மிதவைகள். வெளியே எங்கோ ஒரு படகு போனால் அரை நிமிடம் கழித்து அதன் அலை உள்ளே வந்து கல்லில் 'சளப்' என்று ஒரு தரம் அறைந்துவிட்டுப் போகும். வாசலில் 'மொந்தோரி' என்ற மீன்கூடு கயிற்றில் தொங்குகிறது. முந்தின நாள் மீன் நறுக்கிய தலையையும் செதிலையும் அதில் போட்டுத் தண்ணீரில் இறக்கிவிட்டால், காலையில் குழம்புக்கு மீன் தயார். குளிர்பதனப் பெட்டியைக் கடலில் கட்டித் தொங்கவிட்ட கதை.

இப்போதைய நாரிழைப் படகுகள் பெரிசு, ஃபுனயாவுக்குள் நுழையாது. மரப்படகாக இருந்தால்தான் உலரவைக்க வேண்டும், இவற்றுக்கு அந்தத் தேவையும் இல்லை. அதனால் படகு வெளியே நிற்க, பல வீடுகளின் கீழ்த்தளம் வெறுமையாக இருக்கிறது. சில தங்கும் விடுதிகளாகவும் ஒன்றிரண்டு காப்பிக் கடைகளாகவும் மாறிவிட்டன. 2005இல் அரசு இந்த ஊரைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடப் பகுதியாக அறிவித்தது.

ஃபுனயாவுக்குள் போய்ப் பார்க்கலாமா?

விடுதியாக உள்ளதில் தங்கினால் தாராளமாக. மற்றவை ஆட்கள் புழங்கும் வீடுகள். கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே எட்டிப் பார்ப்பதும், வீட்டுச் சந்துக்குள் புகுந்து கடலைப் படமெடுப்பதும் அங்கே பெரிய தலைவலியாகிவிட்டது. நம் வீட்டுக் கொல்லையில் முன்பின் தெரியாத ஆள் கேமராவோடு நின்றால் நமக்கு எப்படி இருக்கும்! விரிகுடாவைச் சுற்றிவரும் படகில் ஏறுங்கள். கடல் பக்கமிருந்து பார்க்கத்தான் அந்த வரிசை முழுசாகத் தெரியும். கடற்காகமும் பருந்தும் கூடவே பறந்து வரும், கையிலிருக்கும் தின்பண்டம் பத்திரம்.

அமானோஹாஷிடாதேவிலிருந்து இனேவுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். கடைசிப் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

அமானோஹாஷிடாதே பிரபலமான இடமாயிற்றே? அதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா?

உண்மைதான். ஜப்பானின் மூன்று பேரழகுக் காட்சிகள் என்று சொல்லப்படுபவற்றில் ஒன்று. விரிகுடாவின் குறுக்கே 3.6 கிலோமீட்டருக்கு நீளும் மணல்திட்டு, அதன் மேல் ஆயிரக்கணக்கான பைன் மரங்கள். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் மலைமேல் ஏறி, குனிந்து, கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் மணல்திட்டு வானத்துக்குப் போகும் பாலம்போலத் தெரியுமாம். எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியதுதான் மிச்சம்.

நான் சொல்வது, அந்தத் திட்டின் மேலேயே நடந்து போங்கள் என்பது. முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். வழியில் 'இசோஷிமிசு' என்று ஒரு கிணறு இருக்கிறது. இரண்டு பக்கமும் கூப்பிடு தூரத்தில் உப்புக்கடல். நடுவில் இந்தக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். தெற்கு முனையில் ஒரு பாலம் உண்டு. கப்பல் வந்தால் அது திருகிக்கொண்டு வழிவிடும். 1923இல் கட்டியபோது ஆள் வைத்துக் கையால் சுற்றினார்களாம். பாலத்தருகே சியோன்ஜி கோயில் வாசலில் 'அறிவு மோச்சி' விற்கும் கடைகள் உண்டு. பசையரிசி மாவு உருண்டையின் மேல் சிவப்புப் பயறு விழுது. தின்றால் அறிவு வளரும் என்கிறார்கள். இரண்டு தட்டு தின்றேன்.

மணல் பாடும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான், ஆனால் 'பாடும்' என்பது கொஞ்சம் தாராளமான சொல். டாங்கோவின் கொடோஹிகிஹாமா கடற்கரையில், உலர்ந்த மணலில் காலைத் தேய்த்து நடந்தால் 'கியூ, கியூ' என்று கீச்சிடும். பெயருக்கே 'கொடோ என்ற நரம்பிசைக் கருவியை மீட்டும் கரை' என்று பொருள். மணலில் குவார்ட்சுப் பரல்கள் நிறைய. அவை ஒன்றோடொன்று உரசும்போது எழும் ஒலி அது. பரல்கள் கழுவித் துடைத்தாற்போலச் சுத்தமாக இருந்தால்தான் ஒலிக்கும். கொஞ்சம் தூசோ எண்ணெயோ சிகரெட் சாம்பலோ கலந்தாலும் மணல் ஊமையாகிவிடும். அதனால் இந்தக் கரையில் புகைபிடிக்கத் தடை.

1997 ஜனவரியில் நகோட்கா என்ற ரஷ்ய எண்ணெய்க் கப்பல் ஜப்பான் கடலில் உடைந்து, கருப்பு எண்ணெய் இந்தக் கரை வரைக்கும் வந்து ஒதுங்கியது. குளிர்காலக் கடல்காற்றில் தன்னார்வலர்கள் வந்து கையால் அள்ளி அள்ளிச் சுத்தம் செய்தார்கள். இங்கே ஆண்டுதோறும் வெறுங்கால் இசை விழா ஒன்று நடத்துகிறார்கள். அதற்கு நுழைவுக் கட்டணம், கடற்கரையில் பொறுக்கிய குப்பை!

மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். ஈர மணல் பேசாது.

கெம்புடோ குகை, பாறையைப் பார்க்கப் போகுமளவுக்கு விசேஷமா?

இந்தப் பயணத்தில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன். இரண்டு என்றால் கட்டாயம் சொல்வேன். கினோசாகிக்குப் பக்கத்தில், மருயாமா ஆற்றங்கரையில் இருக்கிறது. ஏறக்குறைய 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கியபோது, கோடையில் வறண்ட ஏரிவண்டல் வெடிப்பதுபோல வெடித்தது. அந்த வெடிப்புகள் உள்ளே இறங்கி, பாறை முழுவதும் ஐந்து பக்க, ஆறு பக்கத் தூண்களாகப் பிரிந்து நிற்கிறது. சில இடத்தில் நேராக, சில இடத்தில் வாரிய தலைமுடிபோல வளைந்து. 'குகை' என்பது இயற்கையாக உண்டானதல்ல. காலங்காலமாகக் கல்லெடுத்த குழிகள். தூண் தூணாக ஏற்கெனவே வெட்டி அடுக்கிய கல் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்!

இந்த வகைப் பாறைக்கு ஜப்பானிய மொழியில் உள்ள பெயரே 'கெம்புகான்'. நாம் பசால்ட் என்று சொல்வதை அவர்கள் இந்த ஊர்க் குகையின் பெயரால் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. 1926இல் மோட்டோனோரி மட்சுயாமா என்ற கியோட்டோ பல்கலைக்கழக அறிஞர் இங்கே கல் எடுத்து அதன் காந்தத் திசையை அளந்தார். குழம்பு ஆறும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் அன்றைய பூமியின் காந்தப் புலத்தைப் பார்த்தபடி உறைந்துவிடும். வடக்கைக் காட்ட வேண்டிய இந்தக் கல் தெற்கைக் காட்டியது. வேறு இடங்களின் பாறைகளையும் அளந்து, ஒரு காலத்தில் பூமியின் காந்தப் புலமே தலைகீழாக இருந்தது என்று 1929இல் எழுதினார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, 26 லட்சம் ஆண்டுகள் முன்பிருந்து 7.7 லட்சம் ஆண்டுகள் முன்பு வரையிலான அந்தத் தலைகீழ்க் காலத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

கெம்புடோ என்ற ரயில் நிலையத்தைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். நிலையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், குகை இந்தப் பக்கம். எதிரே தெரியும், நேரே நடந்து போக முடியாது. கினோசாகியிலிருந்து மிதிவண்டியிலோ டாக்சியிலோ வருவதே நல்லது.

கினோசாகியில் பொதுக் குளியலில் உடையில்லாமல்தான் குளிக்க வேண்டுமா?

ஆமாம். ஆண்கள் பகுதி தனி, பெண்கள் பகுதி தனி. முதல் ஐந்து நிமிடம்தான் கூச்சம். அப்புறம் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பது புரிந்துவிடும். குள்ளமான முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி அழுக்கைப் போக்க அல்ல, ஊறுவதற்கு. சிறிய துண்டைத் தண்ணீரில் முக்காதீர்கள், தலையில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை குத்தியவர்களை ஜப்பானில் பல வெந்நீர்க் குளியல்கள் விடுவதில்லை. இந்த ஊர்ப் பொதுக் குளியல்களில் அந்தத் தடை இல்லை.

ஊரில் ஏழு பொதுக் குளியல்கள். விடுதியில் தங்குபவர்களுக்கு அத்தனைக்கும் இலவச அனுமதி. மாலையில் எல்லோரும் விடுதி கொடுத்த யுகாத்தா அங்கியும் மரச்செருப்பும் போட்டுக்கொண்டு ஒரு குளியலிலிருந்து இன்னொன்றுக்குப் போவார்கள். கல்பாலத்தில் அந்தச் செருப்புகள் எழுப்பும் 'கலோங், கலோங்' சத்தம்தான் ஊரின் பின்னணி இசை. ஒவ்வொரு குளியலுக்கும் வாரத்தில் ஒவ்வொரு நாள் விடுமுறை, அதனால் ஏழும் ஒரே நாளில் கைகூடாது. நான்கோடு நிறுத்திக்கொண்டேன்; அதற்கு மேல் தலை சுற்றும்.

ஊர் பழையதாகத் தெரிந்தாலும் கட்டடங்கள் அவ்வளவு பழையவை அல்ல. 1925 மே மாதம் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் ஊரையே அழித்துவிட்டன. மறுபடி கட்டியபோது காங்கிரீட் பெட்டிகளாக்காமல் மரவீடுகளாகவே எழுப்பினார்கள். நடுவில் ஓடும் ஓடையின் கரைச்சுவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆறு பக்கக் கல். ஆமாம், கெம்புடோ தூண்கள்தாம்.

நாரைகளைப் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டேன்.

கினோசாகி அடங்கிய டோயோஓகா நகரம்தான் அதற்கு இடம். 'கோனோடோரி' என்ற இந்தப் பறவை நம் செங்கால் நாரைக்கு நெருங்கிய உறவு. கால் சிவப்பு, அலகு மட்டும் கறுப்பு. வேட்டை, மரம் வெட்டல், அப்புறம் வயலில் பூச்சிமருந்து எல்லாம் சேர்ந்து, 1971இல் ஜப்பானின் கடைசிக் காட்டு நாரை இங்கே செத்தது. 1985இல் சோவியத் ஒன்றியத்தின் கபரோவ்ஸ்கிலிருந்து ஆறு குஞ்சுகளைக் கொண்டுவந்தார்கள். 1989இல் முதல் குஞ்சு பொரித்தது. 2005இல் முதல்முறையாக வெளியே பறக்கவிட்டார்கள்.

பறக்கவிட்டால் போதுமா, தின்ன வேண்டாமா? நாரைக்குத் தவளையும் மீனும் வேண்டும். அவை வயலில் இருக்க வேண்டுமானால் மருந்து குறைய வேண்டும். எனவே விவசாயிகள் மருந்தைக் குறைத்து, அல்லது விட்டு, குளிர்காலத்திலும் வயலில் தண்ணீர் கட்டத் தொடங்கினார்கள். அந்த நெல் 'நாரை வளர்க்கும் அரிசி' என்று கூடுதல் விலைக்குப் போகிறது. 'கோனோடோரி நோ சாதோ' பூங்காவில் நாரையை நிச்சயம் பார்க்கலாம். ஆனால் வயலோரத்தில் தற்செயலாக எதிர்ப்படுவதற்கு ஈடில்லை. கினோசாகிக் குளியல்களில் ஒன்றான 'கோனோயு'வின் பெயரும் இதனால்தான்: அடிபட்ட காலோடு ஒரு நாரை அந்தச் சுனையில் வந்து நின்று குணமாகிப் பறந்ததாக ஐதீகம்.

அமருபே என்ற பாலத்தைப் பார்க்க ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்?

கதை தெரிந்து போனால்தான் அது பாலம். தெரியாமல் போனால் வெறும் காங்கிரீட்.

கினோசாகியிலிருந்து டீசல் வண்டியில் முக்கால் மணி நேரம். இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு, அடியில் சின்னக் கிராமம், அதற்கப்பால் கடல். 1912இல் இந்தப் பள்ளத்தாக்கின் குறுக்கே 41 மீட்டர் உயரத்தில், 310 மீட்டர் நீளத்துக்கு, சிவப்பு இரும்புக் கால்களில் ரயில்பாலம் கட்டினார்கள். இரும்பு அமெரிக்காவிலிருந்து கடல்வழி வந்தது. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்பதால், துருவைச் சுரண்டிச் சாயம் பூசுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள்.

ஆனால் தலைக்கு மேலே ரயில் போனதே தவிர, ஊருக்கு நிலையம் இல்லை. ரயில் ஏற வேண்டும் என்றால் மேலே ஏறி, பாலத்தின் மீதே நடந்து, சுரங்கங்களைக் கடந்து, அடுத்த ஊரான யோரோய் வரை போக வேண்டும். கைப்பிடிச் சுவரில்லாத பாலம், கீழே 41 மீட்டர், பக்கத்தில் கடல்காற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படித்தான். 1950களில் ஊர் மக்கள் நிலையம் கேட்டுப் போராடினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மாகாண ஆளுநருக்குக் கடிதம் எழுதினார்கள். கடைசியில் அனுமதி வந்ததும், நடைமேடைக்கு வேண்டிய கற்களைக் கடற்கரையிலிருந்து ஊராரே மலைமேல் சுமந்தார்கள், பிள்ளைகளும் சேர்ந்து. 1959 ஏப்ரலில் அமருபே நிலையம் திறந்தது. கல் சுமக்கும் அந்தக் காட்சியை அங்கே சுவரோவியமாக வரைந்து வைத்திருக்கிறார்கள்.

1986 டிசம்பர் 28 அன்று, பயணிகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ரயிலைப் பலத்த காற்று பாலத்திலிருந்து அப்படியே தள்ளிவிட்டது. பெட்டிகள் கீழே இருந்த நண்டு பதப்படுத்தும் கூடத்தின் மேல் விழுந்தன. அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஐந்து பெண்களும் ரயிலின் நடத்துநரும் இறந்தார்கள். விழுந்த இடத்தில் இன்று கன்னோன் தேவியின் சிலை நிற்கிறது. சுற்றுலா விளம்பரங்களில் இது அதிகம் வராது. பாலத்தடியில் நிற்கும்போது முதலில் அந்தச் சிலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்புறம் படமெடுங்கள்.

விபத்துக்குப் பிறகு காற்று கொஞ்சம் கூடினாலும் ரயிலை நிறுத்தினார்கள்; குளிர்காலத்தில் ரயில் வருமா வராதா என்பதே கேள்வியாயிற்று. அதனால் 2010இல் காற்றுத் தடுப்போடு காங்கிரீட் பாலம் வந்தது. பழைய இரும்புக் கால்களில் மூன்றை மட்டும் விட்டுவைத்து, மேலே 'வானத்து நிலையம்' என்ற நடைமேடை அமைத்திருக்கிறார்கள். பழைய தண்டவாளத்தின் மேலேயே நடக்கலாம். ஓரிடத்தில் கண்ணாடி வழியே கீழே தெரியும். ஏற முடியாதவர்களுக்கு 2017 முதல் கண்ணாடி மின்தூக்கி உண்டு.

பக்கத்தில் வேறு ஏதாவது?

கசுமி என்ற நண்டுத் துறைமுகத்தில் டைஜோஜி கோயில். 18ஆம் நூற்றாண்டு ஓவியர் மருயாமா ஓக்யோவும் அவருடைய சீடர்களும் அறை அறையாகக் கதவுகளில் தீட்டிய மயில்களும் மலைகளும் இந்த மீனவ ஊரில் இருக்கின்றன. ஏழை மாணவனாக இருந்தபோது இந்தக் கோயில் குரு கொடுத்த பணத்தில் படித்தாராம் ஓக்யோ. பின்னால் நன்றிக்கடனாகத் தீட்டிக் கொடுத்தார் என்பது கோயிலின் வழக்கு. பல மூல ஓவியங்களைப் பாதுகாப்பறைக்கு மாற்றி, அச்சு அசலான பிரதிகளை வைத்திருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

டோட்டோரி மணல்மேடு?

எல்லோருக்கும் தெரிந்த இடம், ஒட்டகம் வரை உண்டு. கிழக்கு மேற்காக 16 கிலோமீட்டர். ஆனால் பாலைவனம் என்று நினைத்துப் போகாதீர்கள். இங்கே மழையும் பனியும் ஏராளம். விட்டால் புல் முளைத்து மூடிவிடும் என்பதால் ஆட்கள் சேர்ந்து களை பறிக்கிறார்கள். மணலாகவே இருக்க மணலுக்கே களையெடுப்பு! மணலில் பெரிதாகப் பெயர் எழுதிவைத்தால் அபராதம் உண்டு.

எனக்குப் பிடித்தது பக்கத்து மணல் வயல்களில் விளையும் 'ரக்யோ'. நம் சின்ன வெங்காயத்தின் சொந்தக்காரப் பயிர். ஊறுகாய் போட்டுக் குழம்பு ஊற்றிய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார்கள். அக்டோபர் கடைசியில் அந்த வயல்கள் முழுக்க ஊதாப் பூ. அதே பக்கத்தில் உராடோமே என்ற கரை இருக்கிறது. கடல் அரித்த கருங்கல் பாறைகள், தலையில் பைன் மரம் முளைத்த குட்டித் தீவுகள். கோடையில் சிறிய படகில் போனால் பாறை இடுக்குகளுக்குள் புகுந்து வரலாம். தண்ணீரில் அடிமணல் தெரியும்.

எந்த மாதம் போகலாம்?

மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர். கடலில் குளிக்க ஜூலை கடைசியும் ஆகஸ்டும். நண்டுக்காகப் போகிறவர்கள் நவம்பர் 6 முதல் மார்ச் 20 வரை போவார்கள். அந்தத் தேதிகளில்தான் பிடிக்க அனுமதி. பெண் நண்டுக்கு ஆண்டுக் கடைசியோடு சரி. அந்தப் பருவத்தில் விடுதி விலை இரண்டு மடங்குக்கு மேலும் போகும்.

'சோற்றுமூட்டையை மறந்தாலும் குடையை மறக்காதே' என்பது இந்தப் பக்கத்துப் பழமொழி. இலையுதிர் காலம் தொடங்கி டாங்கோவில் வெயில், மழை, ஆலங்கட்டி எல்லாம் ஒரே மதியத்தில் வரும். இதை 'உரானிஷி' என்கிறார்கள். வந்தவர்கள் எரிச்சல்பட்டாலும் தறிக்காரர்களுக்கு இந்த ஈரம் வரப்பிரசாதம்: காற்றில் ஈரம் இருந்தால் பட்டிழை அறுந்து போகாது. டாங்கோ சிரிமென் என்ற சுருக்கப் பட்டு 1720இலிருந்து இங்கே நெய்யப்படுவதற்கு இந்த வானமும் ஒரு காரணம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பிழைக்க முடியுமா?

கஷ்டம்தான், மழுப்ப விரும்பவில்லை. மீன் துண்டு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் 'தாஷி' என்ற அடிச்சாறு எல்லாவற்றிலும் இருக்கும், அது பெரும்பாலும் உலர்மீனில் எடுத்தது. மிசோ சூப், சோபா நூடுல்ஸ் சாறு, அவித்த காய்கறி எதுவும் விலக்கல்ல. டாங்கோவின் விசேஷ உணவான 'பாரா சூஷி'யும் அப்படித்தான்: பார்க்க வண்ணமயமான சோறு, நடுவில் கானாங்கெளுத்தி உதிர்ப்பு.

விடுதியில் இடம் பதியும்போதே மீன், இறைச்சி, மீன்சாறு மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். அன்று மாலை போய்ச் சொன்னால் வேலைக்காகாது. சிறிய விடுதிகள் முடியாது என்றே சொல்லலாம். அது மரியாதைக் குறைவல்ல. சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் எடுத்து, பெரிய ஊரில் வாங்கிய தோஃபு, பழம், ஊமேபோஷி என்ற உப்பிட்ட புளிப்புப் பழம் வைத்த சோற்றுருண்டை, கையில் கொஞ்சம் பருப்புப் பொடி என்று சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இனேயில் இரவு ஏழு மணிக்கு மேல் கடை தேடாதீர்கள்.

கார் எடுக்கலாமா?

எடுக்கலாம். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். இந்தியாவில் வாங்கும் 1949 ஜெனீவா ஒப்பந்த வகை சர்வதேச ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லும். ஊர் உரிமத்தையும் கூடவே வைத்திருங்கள். டாங்கோ முனையைச் சுற்றிவர, 1898இல் கட்டிய கியோகாமிசாகி கலங்கரை விளக்கத்தைப் பார்க்க, கார்தான் வசதி. டிசம்பர் முதல் மார்ச் வரை பனிச் சக்கரம் இல்லாமல் வேண்டாம்.

ரயிலைத் தவறவிட்டால்?

அமருபே பக்கம் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம், சில வேளை இரண்டு. எனக்கு அது யோரோயில் நடந்தது. பக்கத்து நிலையம், ஆளே இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சின்னச் சுரங்கப்பாதை. அதில் புகுந்து அந்தப் பக்கம் ஏறினால் பழைய நடைமேடை, கடலைப் பார்த்துப் போட்ட ஒரு பெஞ்சு. நேர்கீழே மீன்பிடித் துறை, பத்துப் பதினைந்து ஓட்டுவீடுகள். அந்தக் காலத்தில் துறையில் இறங்கிய மீனைக் கம்பி வடத்தில் கட்டி இழுத்து இந்த நிலையத்துக்கு ஏற்றி ரயிலில் அனுப்பியிருக்கிறார்கள். அதன் தடம் சரிவில் இன்னும் தெரிகிறது. கீழே ஒரு பெண்மணி கணவாயைப் பிளந்து கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்துக் கையைக் கழுவிவிட்டு, ஒருமுறை மேலே நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் வீட்டுக்குள் போய்விட்டார். ரயிலுக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.